வயிற்று வலி என்று சொன்னவன்

திக்லிபூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மகனுக்கு,

உன்னிடம் இன்னும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் மிச்சமிருந்தால், இந்த வரியைப் படித்த கையோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வா. ஏற்கெனவே தடவியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, அதன்மேல் வேறு எதையும் பூசாதே, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. கடிதத்தின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தடவவில்லை என்றால் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார். போர்ட் பிளேரில் அந்தப் பத்துபஸ்தி அறையில் உன்னோடு தங்கியிருப்பவர்கள் யாரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்காத நேரமாக இருக்கட்டும். ஒரு அப்பன் மகனுக்கு எழுதக் கூசுகிற விஷயத்தை எழுதப் போகிறேன். நீ வளர்ந்தபிறகு நாம் இருவரும் சேர்ந்து குளித்தது கூடக் கிடையாது. ஆனால் கூச்சப்பட்டு ஒருமுறை நான் செய்த காரியத்தின் பலன் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஏரியல் பே ஜெட்டியில் கப்பல் ஏறும்போது, "கல்யாணத்த நிறுத்திருங்கம்மா, காரணம் கேக்காதீங்க" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. போர்ட் பிளேரில் ஏதோ பெங்காலிப் பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாய் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும், கூட்டிக்கொண்டு வா என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மறுநாள் காலை வெற்றிலை போட உட்கார்ந்தபோது என் சுண்ணாம்பு டப்பாவை யாரோ அடியோடு வழித்திருந்தார்கள். நம் வீட்டில் வெற்றிலை போடுகிறவன் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றடியில் குளிக்கப் போனேன். தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது, அதில் சுண்ணாம்பையும் உன் அம்மாவின் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்திருந்தது. பாதி எடுத்திருந்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கலவையை இதே கிணற்றடியில், இதேபோல ஒரு கொட்டாங்கச்சியில், நீ பிறப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

உன் சித்தப்பா கருப்பையா காட்டுக் காய்ச்சலில் செத்துப்போனான் என்று கேட்டு வளர்ந்திருக்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள். முதுகுளத்தூர்ப் பக்கம் நம் சொந்தபந்தம் அத்தனையும் அப்படித்தான் நம்புகிறது. நான்தான் அந்தக் கதையைக் கட்டினேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கிருந்த டாக்டர், அவரும் மெயின்லேண்டுக்கு மாற்றலாகி, ஓய்வு பெற்று, காலமாகிவிட்டதாகக் கேள்வி. எனக்கும் வயதாகிவிட்டது, போன மழையில் நெஞ்சுச் சளி வந்து படுத்தபோது, இது என்னோடு போய்விடுமோ என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் இப்போது கொட்டாங்கச்சி வந்து பதில் சொல்கிறது.

நானும் கருப்பையாவும் இங்கே வந்தபோது இந்த இடம் காடுதான், உன் அம்மா அப்போது ஊரில் இருந்தாள். சர்க்கார் அளந்து கொடுத்த நிலத்தில் மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, நெல் போட்டோம். குடியேறினவர்களில் பெரும்பாலும் பெங்காலிகள், மரம் அறுக்க ராஞ்சிக்காரர்கள், தமிழ்க் குடும்பம் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். எல்லோருக்கும் பொதுவாக இந்தி ஒன்றுதான். பட்டாளத்தில் சமையற்கட்டில் இரண்டு வருஷம் இருந்ததால் எனக்கு இந்தி வரும். மற்ற தமிழர்களுக்கு அப்போது வராது. அதனால் ரேஷன் ஆபீஸ், தாசில்தார் ஆபீஸ், டிஸ்பென்சரி, எங்கே போனாலும் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். நான் சொல்வதுதான் அவர்கள் பேச்சு. அந்தப் பெருமையில் சட்டையில் பேனா செருகிக்கொண்டு திரிந்தேன். கருப்பையாவுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது, அவன் பெண்டாட்டிக்கு அவன் சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். "அங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்லன்னு எழுதுண்ணே, அவ நம்பமாட்டா" என்று சிரிப்பான். தாலி கட்டி இருபது நாளில் அவளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். வீடு கூரை போட்டதும் அடுத்த கப்பலில் அவள் வருவதாகப் பேச்சு.

அந்த சமயத்தில்தான் ஒருநாள் வயலில் வேலை பாதியில் நின்றுகொண்டு, "அண்ணே, எனக்கு அங்கிட்டு என்னமோ வந்திருக்கு" என்றான். என்னவென்று கேட்டேன். ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் சின்னச் சின்னதாக வரிசையாய் இருக்கிறதாம். வலியில்லை, அரிப்பில்லை. மெட்ராஸில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் கூட வந்தவர்களோடு ஓரிடத்துக்குப் போனதாகத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். ஒரே ஒரு தடவைதானாம். "அந்தச் சீக்குதான்ணே. அவ வந்தா அவளுக்கும் ஒட்டிக்கிரும்." நான் அவனைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று உனக்கு எழுத விருப்பமில்லை. திட்டிவிட்டு, சரி வா என்று மறுநாள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

டிஸ்பென்சரி ஒரே அறை, முன்னால் ஒரு வராண்டா. வராண்டாவில் பெண்களும் ஆண்களுமாக இருபது முப்பது பேர். அங்கே தமிழில் எதை வேண்டுமானாலும் உரக்கப் பேசலாம், ஒருத்தருக்கும் புரியாது. கருப்பையா அதே வராண்டாவில் நின்றுகொண்டு, எந்த இடத்தில், எத்தனை, எப்போதிலிருந்து என்று எல்லாவற்றையும் எனக்குச் சத்தமாகவே இன்னொருமுறை சொன்னான், "வெவரமா சொல்லிருண்ணே" என்றான். எங்கள் முறை வந்தது. டாக்டர் நல்ல மனுஷர், பெங்காலி. "க்யா தக்லீஃப் ஹை?", என்ன தொந்தரவு என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கும்போதுதான் உறைத்தது, தமிழில் ரகசியமாக இருந்தது இந்தியில் ஊர் முழுக்கக் கேட்கும் என்று. கதவு திறந்திருந்தது. வாசற்படியில் நின்றவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், என்னை மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள். என் தம்பிக்கு அந்த இடத்தில் வியாதி என்று நான் எப்படிச் சொல்வது? "பேட் மே தர்த் ஹை, டாக்டர் சாப்" என்றேன். வயிற்று வலி என்றேன், மகனே.

டாக்டர் அவனைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவன் வேட்டியை அவிழ்க்கப் போனான், நான் கையைப் பிடித்துத் தடுத்து, "வேணாம், டாக்டருக்குச் சொன்னாலே போதும்" என்றேன். பெரிய டாக்டர், பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார் என்று அவன் நினைத்துக்கொண்டான். சிவப்பாக ஒரு பாட்டில் மிக்சர் கொடுத்தார். வயிற்றுக்கான மருந்து. அதைத் தன் வியாதிக்கான மருந்து என்று நம்பி, மூன்று வேளையும் அளவு பிசகாமல், பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தான் என் தம்பி. அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், கூட்டமில்லாத நாளில் இன்னொருமுறை போகலாம் என்று தினமும் நினைத்தேன். நடவு வேலை இருந்தது, ஒவ்வொரு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டில் தீர்ந்தது. அவை அப்படியே இருந்தன. இருக்கத்தானே செய்யும்.

டாக்டர் மருந்துக்கே கேட்காத வியாதி என்றால் இது தீராத வியாதி என்று அவன் முடிவுக்கு வந்துவிட்டான். "அவள இந்தக் கப்பல்ல வரவேணாம்னு எழுதிருண்ணே" என்றான். எழுதினேன். காரணம் எழுதவில்லை. பிறகு யாரோ மருவுக்குச் சொன்ன வைத்தியம், சுண்ணாம்பும் சோடாவும். எனக்குத் தெரியாமல் அந்தத் தடுப்புக்குள் தடவிக்கொண்டான். காலை அகட்டி நடந்தபோது அட்டைக்கடி என்றான். மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. வேட்டியை விலக்கிப் பார்த்தேன். வெந்து, புண்ணாகி, சீழ் வைத்து, தொடை இடுக்குவரை வீங்கியிருந்தது. மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அன்றைக்கு வயிற்று வலி என்றாயே" என்று மட்டும் இந்தியில் கேட்டார். பென்சிலின் போட்டார், இராப்பகலாகப் பக்கத்தில் இருந்தார், போர்ட் பிளேருக்குக் கொண்டு போயே ஆகவேண்டும் என்றார். கடல் கொந்தளிப்பில் நான்கு நாள் கப்பல் இல்லை.

ஐந்தாம் நாள் காலை கப்பல் வந்தது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் ஜெட்டியிலேயே சொல்லியிருந்தார். நல்ல வெயில், கடல் அன்றைக்குக் குளம் மாதிரி கிடந்தது, எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. மாயாபந்தர் வருவதற்கு முன்னால் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "அண்ணே, டாக்டரு மொதல்ல குடுத்தது நல்ல மருந்துதான? நான்தான் பொறுமையில்லாம கெடுத்துக்கிட்டேன்" என்றான். அவனுக்குச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. நான் "ஆமாடா தம்பி" என்றேன். தப்பு தன்மேல் என்று நினைத்துக்கொண்டே போனான். அந்த "ஆமா"வை நான் இந்த இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரியம் முடிந்தபிறகு ஒரு மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனேன். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைக் காட்டினார். அவர் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. சுண்ணாம்பில் வேகாமல் மிச்சமிருந்த இடத்தை அவர் பார்த்தாராம். மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒரே அளவில், தோல் நிறத்தில், வரிசையாக இருந்த அவை வியாதியே இல்லையாம். எத்தனையோ ஆண்களுக்கு இளவயதில் அப்படி வரும், யாரோடும் சேர்ந்ததால் வருவதில்லை, யாருக்கும் ஒட்டாது, மருந்தே வேண்டாம் என்றார். அதேபோலத் தோலை இழுத்தால் வெள்ளையாக, மஞ்சளாகத் தெரியும் புள்ளிகளும் எண்ணெய்ச் சுரப்பிகள்தானாம், எல்லார் உடம்பிலும் உள்ளவை. "அவன் மெட்ராஸில் போனதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பேன், அது தனி. ஆனால் இதற்கு, 'பயப்படாதே, வீட்டுக்குப் போ' என்று ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கும் அவனுக்கும் நடுவில் நான் நின்றிருக்கிறேன்.

நான் போகவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். மற்றவை எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது, கேட்காமல் விட்டதற்குப் பரிகாரமாக இருக்கலாம். இந்த ஊர் ஈரத்தில் கோவணம் உரசியும், முடி உள்ளுக்குள் வளைந்து வளர்ந்தும் சிவப்பாகப் பரு மாதிரி வருமாம், நடுவில் முடி தெரியும், காற்றாட விட்டால் அநேகமாகத் தானே போகும். ராத்திரியில் பிடுங்கி எடுக்கிற அரிப்போடு, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சேர்ந்து வந்தால் சொறிப்பூச்சி, வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் மருந்து பூசவேண்டும். முத்துப்போல வழவழப்பாக, நடுவில் சின்னக் குழியோடு இருந்தால் அது தொட்டால் பரவுகிற ஒருவகை. பூக்கோசு மாதிரி சொரசொரப்பாக வளர்ந்துகொண்டே போனால் மரு, அது உடலுறவில் ஒட்டும், சேர்ந்து பல மாதம் கழித்துக்கூட வெளியே வரும், டாக்டர்தான் எடுக்கவேண்டும். தண்ணீர்க் கொப்புளமாகக் கூட்டமாய் வந்து உடைந்து எரிந்தால் அது வேறு, போய்ப் போய்த் திரும்ப வரும். எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது வலியே இல்லாத ஒற்றைப் புண்ணை. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவோம், அது தானாக ஆறியும் போய்விடும், ஆனால் வியாதி உள்ளே உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் அறுக்கும். அதற்கு ஊசி இருக்கிறது, நேரத்தோடு போட்டால் தீரும்.

இதையெல்லாம் நீயே கண்ணாடி வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொள்வதற்காக எழுதவில்லை. நான் டாக்டர் இல்லை, இதைக் கேட்டதும் ஒரு தடவைதான். புதிதாக ஒன்று வந்து இரண்டு வாரத்தில் போகவில்லை என்றாலும், பெரிதானாலும், பெருகினாலும், நிறமோ உருவமோ மாறினாலும் காட்டவேண்டும். வலித்தால், ரத்தம் வந்தால், புண்ணானால், சீழ் கசிந்தால், மூத்திரம் எரிந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் நாள் பார்க்காமல் உடனே போகவேண்டும். உடலால் நீ சேர்ந்தவர்களுக்கு ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால், உனக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் போகவேண்டும். இவை எதுவும் இல்லாமல் மனதுக்குச் சந்தேகம் மட்டும் இருந்தாலும் அதுவே போதுமான காரணம். அதுவரை கிள்ளாதே, பிதுக்காதே, வெட்டாதே, சுடாதே. டாக்டர் சரி என்று சொல்லும்வரை யாரோடும் சேராதே. நீ எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒருமுறை கேட்டுத் திட்டினதற்கே எனக்குப் போதும். டாக்டர் கேட்டால் அவரிடம் ஒளிக்காமல் சொல். ஒட்டுகிற வியாதி என்று அவர் சொன்னால், மருந்து முடிகிறவரை கல்யாணத்தைத் தள்ளி வைப்போம், அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டியதை நீயே சொல்லவேண்டும். வியாதியே இல்லை என்று சொன்னால், குறித்த தேதியில் மேளம் கொட்டும்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிப் பெண் வீட்டுக்கு நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். காரணம் சொல்லாமல் ஒரு பெண்ணை வரவேண்டாம் என்று எழுதின கை இது. உனக்கு ஏழு வயதில் ஊருக்குப் போயிருந்தோமே, கருப்பையாவின் பெண்டாட்டி வள்ளிமயில் சித்தி உனக்குப் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். நீங்கள் எல்லாரும் வெளியே போனபிறகு என்னிடம் கேட்டாள், "அத்தான், நான் என்ன குத்தம் பண்ணுனேன்? ஏன் வரவேணாம்னாக?" அவளைப் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னானா என்று கேட்டாள். காய்ச்சல் காலம், அதனால்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். இருபது நாள் வாழ்ந்தவள் இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருக்கிறாள். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அவளுக்கு இன்னொன்று எழுதப் போகிறேன். அவன் அவளை வெறுத்து நிறுத்தவில்லை, அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று நிறுத்தினான் என்பதையாவது அவள் தெரிந்துகொள்ளட்டும். அதைப் படித்தபிறகு என் முகத்தில் அவள் விழிக்கவேண்டியதில்லை. உன் அம்மாவிடம் நேரில் சொல்வேன், அது எனக்கு இன்னும் கஷ்டம்.

இன்றைய கப்பலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, தபால் மூட்டைக்குக் கிடைத்தது. அடுத்த கப்பலில் நான் வருகிறேன். எனக்காகக் காத்திருக்காதே, இதைப் படித்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. ஒருவேளை நான் வருகிறவரை நீ போகாமல் தயங்கிக்கொண்டிருந்தால், கூட வருவேன், ஆனால் உள்ளே வரமாட்டேன். வராண்டாவில் உட்கார்ந்திருப்பேன். நீ இந்த மண்ணில் பிறந்தவன், உனக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். உனக்கும் டாக்டருக்கும் நடுவில் யாரும் நிற்கத் தேவையில்லை. கதவு திறந்திருந்தால் சாத்தச் சொல், சாத்தாவிட்டாலும் சொல்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை எத்தனையோ தடவை வயலில் மாட்டிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. "டாக்டர் சாப், மேரே பாயி கோ பேஷாப் கி ஜகா பர் தானே நிகலே ஹை. ஜரா தேக் லீஜியே." என் தம்பிக்கு மூத்திரம் போகிற இடத்தில் பொரிப்பொரியாக வந்திருக்கிறது, கொஞ்சம் பாருங்கள். அவ்வளவுதான். வராண்டாவில் நின்ற முப்பது பேரும் கேட்டிருப்பார்கள், ஒரு வாரம் சிரித்திருப்பார்கள், உன் சித்தப்பா உயிரோடு இருந்திருப்பான்.

உன் அப்பா.